நாற்காலியில் அமர்ந்து ஒரு பாடம்



கடந்த ஜூன் மாதம் பள்ளி திறந்த நாள் முதல் உங்களில் பலருடைய கண்களில் ஒரு கேள்வியைக் காண்கிறேன். உயிரியல் வகுப்பில் கரும்பலகைக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு நாற்காலி. டீச்சர் சிறிது நேரம் நின்று படம் வரைகிறார், கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார், நன்றாக நின்றுகொண்டிருக்கும்போதே உட்கார்ந்துவிடுகிறார். சற்று நேரம் கழித்து மீண்டும் எழுகிறார். "வலிச்சா உட்காரலாம், வலிக்காதப்போ ஏன் உட்காரணும்?" என்று ஒருத்தி தன் தோழியிடம் கேட்டது என் காதிலும் விழுந்தது.

மிக நல்ல கேள்வி. ஒரு பாடவேளையில் அதற்குப் பதில் சொல்லி முடிக்க இயலாது. ஆகவே நமது ஆண்டு மலரில் சில பக்கங்களைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். உங்கள் பெற்றோரும் இதைப் படிக்க வேண்டும் என்பது என் விருப்பம். ஏனெனில், முழங்கால் வலியோ முதுகுவலியோ இல்லாத வீடு நம்மிடையே குறைவு.

எனக்கு ஆறு ஆண்டுகளாக இடுப்புவலி உண்டு. எலும்பு முறியவில்லை, கட்டி இல்லை, அறுவை சிகிச்சை தேவையில்லை என்று மருத்துவர் கூறிவிட்டார். பிசியோதெரபி என்று நாம் வழங்கும் இயன்முறை சிகிச்சைதான் எனக்குரிய வழி. அந்த வழியில் நான் இருமுறை தவறி விழுந்த பிறகே, என் எல்லை எது என்று அறியக் கற்றுக்கொண்டேன். அந்தப் பாடமே இக்கட்டுரை.

வலி எப்படி உண்டாகிறது?

பிரெஞ்சு அறிஞர் ரெனே டேக்கார்ட் மறைந்த பின், 1660களில் வெளிவந்த அவரது நூலில் ஒரு படம் உண்டு. ஒருவனுடைய கால் நெருப்பின் அருகே இருக்கிறது. காலிலிருந்து மூளைவரை ஒரு கயிறு போன்ற பாதை செல்கிறது. கீழே கயிற்றை இழுத்தால் மேலே கோயில் மணி அடிப்பதைப் போல, காலில் சுட்டால் மூளையில் வலி தோன்றும் என்பது அவர் கருத்து. காயம் சிறிதானால் வலி சிறிது. காயம் பெரிதானால் வலி பெரிது. நம்மில் பெரும்பாலோர் இன்றும் அப்படித்தான் நினைக்கிறோம்.

ஆனால் உடல் அவ்வளவு எளிய இயந்திரம் அன்று. கனடா நாட்டு உளவியல் அறிஞர் ரொனால்டு மெல்சாக்கும், இங்கிலாந்து நாட்டு நரம்பியல் அறிஞர் பேட்ரிக் வாலும் 1965ஆம் ஆண்டில் ஒரு புதிய கருத்தை வெளியிட்டனர். தண்டுவடத்தில் ஒரு கதவு இருப்பதைப்போல எண்ணிக்கொள்ளுங்கள். வலிச் செய்தி அதன் வழியாகத்தான் மூளைக்குச் செல்ல வேண்டும். அக்கதவு சில வேளை அகலத் திறக்கும். சில வேளை ஒடுங்கும். மேசையில் முழங்கையை இடித்துக்கொண்டால் உடனே அந்த இடத்தைத் தேய்த்துவிடுகிறோம் அல்லவா? தேய்ப்பதால் உண்டாகும் தொடு உணர்ச்சி அக்கதவைச் சற்றே ஒடுக்குகிறது; வலி குறைகிறது. குழந்தை விழுந்தவுடன் "ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை" என்று தடவிக்கொடுக்கும் பாட்டிக்கு இந்த அறிவியல் தெரியாது. ஆனால் வேலை செய்யத் தெரியும்.

1983ஆம் ஆண்டில் கிளிஃபர்ட் உல்ஃப் என்னும் அறிஞர் மற்றோர் உண்மையைக் காட்டினார். காயத்திற்குப் பின் தண்டுவடத்திலுள்ள நரம்பு உயிரணுக்களே மிகுந்த கூருணர்வு பெற்றுவிடக்கூடும். இதை வீட்டுக் காவல் நாயோடு ஒப்பிடலாம். ஒரு நாள் திருடன் வந்தான், நாய் குரைத்தது, நன்று. மறுநாள் முதல் அது பால்காரரைக் கண்டும் குரைக்கிறது. தபால்காரரைக் கண்டும் குரைக்கிறது. வாசலில் காற்று அடித்தாலும் குரைக்கிறது. குரைப்பு உண்மையானதுதான். ஆனால் திருடன் இல்லை.

மூன்று மாதங்களுக்கு மேலும் நீடிக்கும் அல்லது திரும்பத் திரும்ப வரும் வலியை நாட்பட்ட வலி என்று மருத்துவர்கள் கூறுவர். அத்தகைய வலி மனப்பிரமை அன்று. அதைப் பாசாங்கு என்று சொல்வது பாவம். ஆயினும் அது எப்போதும் காயத்தின் அளவைக் காட்டுவதில்லை. முதுகுவலியே இல்லாத மனிதர்களின் ஸ்கேன் படங்களை ஆராய்ந்த பல ஆய்வுகளைத் தொகுத்து 2015ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியாயிற்று. வலி இல்லாத 20 வயதினரிலேயே 100க்கு 37 பேருக்கும், 80 வயதினரில் 100க்கு 96 பேருக்கும் முதுகெலும்பு வட்டுகளில் தேய்மானம் காணப்பட்டது. ஆகவே, ஸ்கேன் படத்தில் "தேய்மானம்" என்ற சொல்லைப் பார்த்தவுடன் நடுங்க வேண்டியதில்லை.

நான் செய்த இரு தவறுகள்

முதல் தவறு, படுத்துக்கொண்டது. வலி வந்த புதிதில் அசைந்தால் கெட்டுவிடும் என்று அஞ்சினேன். விடுமுறை முழுவதும் பாயே கதியாகக் கிடந்தேன். படுக்கை ஓய்வு முதுகுவலிக்கு மருந்து என்று முற்காலத்தில் கருதியது உண்மைதான். ஆனால் 1986இலேயே அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வு வெளிவந்தது. முதுகுவலி வந்தவர்களில் ஒரு பகுதியினரை 2 நாட்களும் மற்றவர்களை 7 நாட்களும் படுத்திருக்கச் சொன்னார்கள். 2 நாட்கள் மட்டும் படுக்கச் சொல்லப்பட்டவர்களே விரைவில் வேலைக்குத் திரும்பினர். மற்றபடி இரு பிரிவினர் குணமடைவதிலும் வேறுபாடு காணப்படவில்லை. பயன்படுத்தாத தசை மெலியும் என்று உங்களுக்குப் பாடம் நடத்துபவள் நான். என் உடம்பு என்று வந்தபோது அதை மறந்துபோனேன்.

இரண்டாவது தவறு இதற்கு நேர் எதிரானது. சிகிச்சைக்குச் சென்ற முதல் இடத்தில் ஒரு தாளைக் கையில் கொடுத்தார்கள். மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடக்கி, இடுப்பை மெல்ல உயர்த்தி இறக்க வேண்டும், 10 முறை. "வலித்தாலும் விடாமல் செய்யுங்கள்" என்றார்கள். நானோ 10 முறை நல்லதென்றால் 30 முறை மூன்று மடங்கு நல்லது என்று கணக்குப் போட்டேன். பல்லைக் கடித்துக்கொண்டு செய்தேன். அடுத்த மூன்று நாட்கள் எழுந்திருக்க முடியவில்லை. பயிற்சியையே விட்டுவிட்டேன்.

அந்த ஆண்டு கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் ஒரு நாள் வலி மிகவும் குறைந்திருந்தது. "இன்றைக்கே முடித்துவிட வேண்டும்" என்று காலை முதல் மாலை வரை அடுப்படியில் நின்று முறுக்கும் அதிரசமும் சுட்டேன். பலகாரம் நன்றாக வந்தது. ஆனால் திருவிழாத் திருப்பலிக்கு என்னால் போக முடியவில்லை.

நல்ல நாள் வந்தால் அளவு மீறி உழைப்பது. மறுநாள் முதல் விழுந்து கிடப்பது. தேறியதும் விட்டதைப் பிடிக்க மீண்டும் அளவு மீறுவது. இதை வரைபடத்தாளில் குறித்தால் மலையும் பள்ளமுமாகத் தெரியும். இதில் கவலைக்குரியது யாதெனில், ஒவ்வொரு முறையும் மலையின் உயரம் குறைந்துகொண்டே வரும். நாளடைவில் செய்யக்கூடிய வேலை சுருங்கிவிடும்.

வேலூர் சொல்லும் பாடம்

நம் மாநிலத்திலேயே நடந்த ஒரு வரலாறு இங்கே நமக்கு உதவும். டாக்டர் பால் பிராண்டு என்னும் அறுவை மருத்துவர் 1946ஆம் ஆண்டு வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயாளிகளின் விரல்கள் நோயினால் தாமாகவே அழுகி விழுகின்றன என்று அக்காலத்தில் பலரும் நம்பினர். அவரோ உற்று நோக்கி, உண்மை வேறு என்று கண்டார். நோய் நரம்பைத் தாக்கி வலி உணர்ச்சியைப் போக்கிவிடுகிறது. வலி தெரியாததால் அவர்கள் சூடான பாத்திரத்தைக் கையால் பற்றினார்கள். புண்பட்ட காலை ஊன்றியே நடந்தார்கள். காயத்தின் மேல் காயம் பட்டு உறுப்புகள் சிதைந்தன. வலி மனிதனுக்குக் கிடைத்த ஒரு கொடை என்று பிற்காலத்தில் அவர் நூலே எழுதினார்.

அவர்களுக்குக் கற்பிக்கப்பட்ட பழக்கம் என்ன? நாள்தோறும் கை கால்களைக் கண்ணால் பார்த்துச் சோதிக்க வேண்டும் என்பதே. வலி சொல்ல வேண்டியதைக் கண் சொல்ல வேண்டும்.

இதைப் படித்தபோது எனக்கு ஒன்று விளங்கிற்று. வலியே இல்லாதவர் தம் எல்லையை அறியமாட்டார். வலி ஓயாதவரும் அப்படித்தான். முன்னவருடைய காவல் நாய் குரைப்பதே இல்லை. பின்னவருடைய நாய் எப்போதும் குரைக்கிறது. இருவருமே நாயை மட்டும் நம்ப இயலாது. அவர்கள் கண்ணை நம்பினார்கள். நான் கடிகாரத்தையும் எண்ணிக்கையையும் நம்ப வேண்டும்.

அதே வேலூரில் டாக்டர் மேரி வர்கீஸ் என்னும் இளம் மருத்துவர் பணியாற்றினார். 1954ஆம் ஆண்டு ஜனவரியில் நேர்ந்த வாகன விபத்தில் அவருக்கு இடுப்புக்குக் கீழே செயலிழந்துவிட்டது. அவர் நடப்பது போலப் பாவனை செய்யவில்லை. மருத்துவத்தைக் கைவிடவும் இல்லை. உட்கார்ந்தபடியே செய்யக்கூடிய அறுவை எது என்று தேர்ந்து, சக்கர நாற்காலியில் அமர்ந்து தொழுநோயாளிகளின் கைகளைச் சீரமைத்தார். பின்னர் அமெரிக்காவில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பினார். 1966ஆம் ஆண்டு வேலூரில் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட அவரே காரணமாக விளங்கினார். 1972இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். தம் எல்லையை அறிந்த பிறகே அவருடைய பெரும்பணி தொடங்கிற்று என்பதைக் கவனியுங்கள்.

எல்லையைக் கணக்கிடுவது எப்படி?

சென்ற ஆண்டு வேறொரு சிகிச்சை நிலையத்திற்குச் சென்றேன். என்னிடம் படித்திருக்கக்கூடிய வயதுடைய இளம்பெண் ஒருவர் அங்கே இயன்முறை மருத்துவர். அவர் முதலில் பயிற்சி எதுவும் சொல்லித் தரவில்லை. "டீச்சர், மூணு நாள் கடிகாரத்தைப் பாருங்க. நின்னா எத்தனை நிமிஷத்துல வலி ஏற ஆரம்பிக்குதுன்னு எழுதிட்டு வாங்க. நல்ல நாளும் வேணும், மோசமான நாளும் வேணும்" என்றார்.

எழுதிக்கொண்டு போனேன்: 25 நிமிடம், 15 நிமிடம், 20 நிமிடம். கூட்டினால் 60, மூன்றால் வகுத்தால் சராசரி 20. அதில் ஐந்தில் ஒரு பங்கைக் கழிக்கச் சொன்னார். மீதி 16 நிமிடம். "இதுதான் உங்க ஆரம்பம்" என்றார்.

வலி மிகுந்த நாளிலும் கூடுமானவரை 16 நிமிடம் நிற்க வேண்டும். வலியே இல்லாத நாளிலும் 16 நிமிடம் ஆனதும் உட்கார வேண்டும். மாணவியே, உன் கேள்விக்கு விடை இதுதான். வலி வந்த பிறகு உட்கார்ந்தால், உட்காருவதா நிற்பதா என்பதை வலி தீர்மானிக்கிறது. வலி வருமுன் உட்கார்ந்தால் நான் தீர்மானிக்கிறேன்.

அமெரிக்காவில் சியாட்டில் நகரில் பணியாற்றிய வில்பர்ட் ஃபோர்டைஸ் என்னும் உளவியல் அறிஞர் இந்த முறையை விளக்கி 1976ஆம் ஆண்டு ஒரு நூல் வெளியிட்டார். வலி நிறுத்தச் சொல்லும்போது நிறுத்தாமல், முன்னரே குறித்த அளவு முடிந்ததும் நிறுத்தி ஓய்வெடுக்க வேண்டும் என்பதே அதன் சாரம். பிறகு அந்த அளவைப் படிப்படியாகக் கூட்ட வேண்டும்.

நான் வாரத்திற்கு ஒரு நிமிடம் கூட்டினேன். தேர்வுத்தாள் திருத்திய வாரங்களில் ஒன்றும் கூட்டவில்லை. ஒருமுறை வலி மிகவும் மோசமாயிற்று. சில நாட்கள் பாதி அளவுக்கு இறங்கி, பிறகு மெல்ல ஏறினேன். இன்று என்னால் தொடர்ந்து 28 நிமிடம் நிற்க முடிகிறது. இடுப்பை உயர்த்தும் பயிற்சியை 6 முறையில் தொடங்கி, இப்போது 12 முறை செய்கிறேன். வலி போய்விட்டதா? இல்லை. ஆனால் இந்தக் கிறிஸ்துமஸுக்குப் பலகாரத்தை ஐந்து நாட்களாகப் பிரித்துச் சுட்டேன், திருப்பலிக்கும் போனேன்.

பயிற்சியின்போது கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

சிறிதும் வலிக்காமல் பயிற்சி செய்ய வேண்டுமென்றால் நாட்பட்ட வலியுள்ளவர் ஒன்றுமே செய்ய முடியாது. எவ்வளவு வலித்தாலும் செய்வேன் என்றால் அது மூடத்தனம். இரண்டுக்கும் நடுவே எனக்குச் சொல்லித் தந்த அளவுகோல் இது.

1. இப்போது வலி எத்தனை? வலியே இல்லை என்றால் 0; தாங்கவே முடியாத வலி என்றால் 10. பயிற்சியின்போது 2 வரை இருந்தால் அச்சமில்லை. 5 வரை ஏறினாலும் பொறுத்துக்கொள்ளலாம். 5ஐத் தாண்டினால் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும். அல்லது அசைவைச் சிறிதாக்க வேண்டும்.

2. நாளைக் காலையில் எப்படி இருக்கிறது? பயிற்சியால் ஏறிய வலி 24 மணி நேரத்திற்குள் பழைய நிலைக்கு இறங்கிவிட வேண்டும். இறங்கவில்லையென்றால் நேற்றைய அளவு மிகை என்று பொருள். அதற்காகப் பயிற்சியையே விட்டுவிடக் கூடாது. அளவைக் குறைத்துக்கொண்டு தொடர வேண்டும்.

3. இது எனக்குப் பழகிய வலிதானா? தசை இழுப்பதும் களைப்பதும் வேறு. புதிதாகத் தோன்றும் குறிகள் வேறு.

இம்மூன்றாவது கேள்வியை ஒருபோதும் அலட்சியம் செய்யாதீர்கள். காலில் பலம் குறைதல், தொடைகளின் உட்பக்கமும் ஆசனவாய்ப் பகுதியும் மரத்துப்போதல், சிறுநீரோ மலமோ கட்டுக்குள் நில்லாமை, முதுகுவலியோடு காய்ச்சல், காரணமின்றி எடை குறைதல், விழுந்த பின் தோன்றிய கடும் வலி ஆகியவற்றில் எது காணப்பட்டாலும் பயிற்சியை நிறுத்தி உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும். இங்கே கடிகாரக் கணக்கு செல்லாது. உண்மையாகவே திருடன் வந்திருக்கக்கூடும்.

மேலும், நான் கூறிய எண்கள் என் உடம்புக்கு உரியவை. அவற்றை நீங்கள் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. முறை பொதுவானது, அளவு அவரவர்க்கு வேறு. அதை உங்களைப் பரிசோதித்தவரோடு சேர்ந்துதான் குறிக்க வேண்டும்.

சொல்வதும் சிகிச்சையே

நம் பெண்களிடம் ஒரு பழக்கம் உண்டு. சிகிச்சை செய்பவர் "வலிக்கிறதா?" என்று கேட்டால் "பரவாயில்லை" என்போம். "வீட்டில் பயிற்சி செய்தீர்களா?" என்று கேட்டால் தலையை ஆட்டுவோம். நானும் அப்படித்தான் இருந்தேன். நாம் மறைத்தால் அவர் தவறான அளவின் மேல் அடுத்த அளவை ஏற்றுவார். வலியைப் பொறுத்துக்கொள்வது நற்குணம். ஆனால் உதவ வந்தவரிடமே அதை மறைப்பது பொறுமை அன்று. "இதற்கு மேல் இன்று வேண்டாம்" என்று மரியாதையாகச் சொல்லலாம். சொன்னதை அவர் காதில் வாங்கவே இல்லையென்றால், வேறொருவரை நாடுவதிலும் தவறில்லை.

இதை எனக்கு உணர்த்தியவள் ஒரு மாணவி. அவள் அனுமதியோடுதான் எழுதுகிறேன். மூட்டுவாதத்தால் நெடுநாளாக முழங்கால் வலியுள்ள பெண் அவள். அளவோடு நடக்கலாம், விளையாடலாம் என்று மருத்துவர் கூறியிருந்தார். ஆனால் விளையாட்டு விழாவில் தன் அணிக்கு ஆள் குறைந்தபோது, யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் ஓட்டப்பந்தயத்தில் ஓடினாள். மூன்று வாரம் பள்ளிக்கு வரவில்லை. அவளைப் பார்க்க வீட்டுக்குச் சென்றேன்.

"ஏம்மா, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" என்று கேட்டேன்.

அவள் தலை குனிந்துகொண்டு, "நீங்களும் சொல்றதில்லையே டீச்சர். படியில ஏறும்போது சுவரைப் பிடிச்சுக்கிட்டு நிப்பீங்க. யாராவது வந்தா சிரிச்சிட்டுப் போயிடுவீங்க. நான் பார்த்திருக்கேன்" என்றாள்.

எனக்குப் பேச்சு வரவில்லை. நான் கரும்பலகையில் நடத்திய பாடங்களில் எத்தனை அவள் நினைவில் நின்றதோ தெரியாது. நான் வாய் திறவாமல் நடத்திய அந்தப் பாடத்தை அவள் நன்றாகக் கற்றிருந்தாள். மறுநாளே தலைமையாசிரியைச் சகோதரியிடம் சென்று, எனக்கு ஒரு நாற்காலி வேண்டும் என்று கேட்டேன். ஆறு ஆண்டுகளாகக் கேட்கத் தயங்கிய அந்த நாற்காலி, வரும் கல்வியாண்டு தொடங்கும் நாளிலேயே வந்துவிடும் என்று ஒரே நிமிடத்தில் பதில் கிடைத்தது. சொன்னபடியே ஜூன் மாதம் வந்தது.

பெற்றோருக்கும் தோழியருக்கும்

வலியுள்ள ஒருவர் நேற்றுக் குடம் தூக்கினார், இன்று முடியாது என்கிறார் என்றால், அவர் பொய் சொல்கிறார் என்று எண்ணாதீர்கள். நாட்பட்ட வலியின் இயல்பே அதுதான். "நேத்து செஞ்சியே!" என்ற ஒரு சொல், மறுநாள் அவரை அளவு மீறச் செய்துவிடும். மறுபுறம், "நீ ஒன்றும் செய்ய வேண்டாம், படு" என்று எல்லா வேலையையும் பறித்துக்கொள்வதும் உதவி அன்று. "இன்று உன் அளவு எவ்வளவு?" என்று கேளுங்கள். சொன்ன அளவை நம்புங்கள். அந்த அளவை அவர் செய்யட்டும். மீதிக்குக் கை கொடுங்கள்.

மாணவியரே, உங்கள் வீட்டில் பாட்டிக்கோ அம்மாவுக்கோ மருத்துவர் பயிற்சி சொல்லியிருந்தால், இந்த விடுமுறையில் ஒரு நோட்டை எடுத்து அவர்கள் பக்கத்தில் உட்காருங்கள். எத்தனை முறை செய்தார்கள், வலி எத்தனை, மறுநாள் காலை எப்படி இருந்தது என்று மூன்று பத்திகளில் எழுதி வாருங்கள். அடுத்த முறை சிகிச்சைக்குச் செல்லும்போது அந்த நோட்டைக் கொண்டுபோகச் சொல்லுங்கள். உயிரியல் பாடத்திற்கு நான் தரும் விடுமுறைப் பணி இதுவே, மதிப்பெண் கிடையாது.

உங்களில் எவளுக்கேனும் நெடுநாள் வலி இருந்து, அதை யாரிடமும் சொல்லாமல் இருந்தால், வகுப்பு முடிந்ததும் என்னிடம் வா. நாற்காலியில்தான் இருப்பேன். பக்கத்தில் இன்னொன்று போட்டுக்கொள்ளலாம்.